'இல்லை' ஓடிப்போன ஊர்

சாயல்பட்டினத்தை விட்டு 'இல்லை' ஓடிப்போனது ஜெபக்கனியின் ஜெராக்ஸ் கடையிலிருந்துதான். பட்டப்பகலில், ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடியது. அதனால் ஓடியதா, எப்படி ஓடியது என்றெல்லாம் பின்னால் ஊரில் யாரும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கடை ஒரு காலத்தில் ஊரின் முதல் பிரவுசிங் சென்டர். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றும், ஏசி நின்றால் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வரும் என்றும், வைரஸ் பிடித்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் தும்மல் வரும் என்றும் ஊர் மனதார நம்பிய காலம் அது. அப்போது கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஈமெயில் ஐடி திறந்து கொடுத்து, அவர்கள் மறந்துபோன பாஸ்வேர்டை அவர்கள் முகத்தைப் பார்த்தே ஊகித்துச் சொன்னவள் ஜெபக்கனி. மெஷின்களைப் பழுது பார்த்தவன் அவளோடு பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் படித்த காஜா மைதீன். மெஷினைச் சரிசெய்வதைவிட அதற்குக் குறும்பு பழக்குவதில்தான் காஜாவுக்கு ஆசை. சிடி வைக்கும் தட்டு தானாக வெளியே வந்து நாக்கை நீட்டும். திரையில் தட்டச்சு செய்த எழுத்தெல்லாம் வேப்பம்பூ மாதிரி உதிர்ந்து அடியில் குவியும். மவுசைக் கவிழ்த்துப் பார்த்தால் உருண்டை இருக்கவேண்டிய குழியில் ஒரு நெல்லிக்காய் இருக்கும். வந்தவர்கள் அலறுவார்கள், பிறகு சிரிப்பார்கள், மறுநாள் தங்கள் சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்து அவன் அலறுவதைப் பக்கத்தில் நின்று ரசிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பேர்பெற்றது அவன் எழுதிய கேள்விப் பெட்டி. திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து, 'நீ ஒரு கழுதையா?' என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன்கள்: ஆம், இல்லை. 'ஆம்' அசையாமல் இருக்கும். 'இல்லை'யை அமுக்கப் போனால் அது நழுவி ஓடும். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம், மேலே போனால் கீழே. ஊரின் பெரிய மனிதர்கள்கூட வியர்க்க வியர்க்கத் துரத்திவிட்டு, கடைசியில் தாங்கள் கழுதைதான் என்று ஒத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

காலம் போய், காஜா துபாய்க்குப் போய், ஊரில் ஆளுக்கொரு போன் வந்து, சென்டர் ஜெராக்ஸ் கடையாகி, முதலாளி இறந்தபின் ஜெபக்கனி அதைத் தன் பேரிலேயே எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்ற பேச்சு அவளிடம் வந்து வந்து அலுத்துத் திரும்பிவிட்டது. அன்று லேமினேஷன் மெஷின் வைக்க இடம் வேண்டி பரணைக் காலிசெய்தவள், தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும் முன் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போமே என்று பிளக்கைச் செருகினாள். அது பெருமூச்சு விட்டது, கடகடவென்று பல்லைக் கடித்தது, பிறகு நடுத்திரையில் கேட்டது: 'நீ ஒரு கழுதையா?'

ஜெபக்கனி வாய்விட்டுச் சிரித்தாள். மவுசைப் பிடித்து 'இல்லை'யைத் துரத்தினாள். அது இடது ஓரத்துக்கு ஓடியது. அவள் விடவில்லை. அது விளிம்பில் ஒரு கணம் தொங்கி, திரையைத் தாண்டி மேசைமேல் பொத்தென்று விழுந்தது. செங்கல் அளவு இருந்தது. வரிசையில் நின்றவர்கள் குனிந்து கையை நீட்ட, அது நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, வாசலைத் தாண்டி, பஜாரைக் குறுக்காகக் கடந்து, உப்பளத்துப் பக்கமாகப் போய்விட்டது.

"பிடிச்சீங்களா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"பிடிச்சோம்," என்றார்கள் வெறுங்கையோடு நின்ற நாலு பேரும், சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரத்திலிருந்து சாயல்பட்டினத்தில் யாராலும் 'இல்லை' சொல்ல முடியவில்லை. மாட்டேன், முடியாது, வேண்டாம் எல்லாம் தாய்க்கோழியின் பின்னால் குஞ்சுகள் போல அதன் பின்னாலேயே போய்விட்டன. தலையை இடவலமாக ஆட்டப் போனால் கழுத்து தானாக மேலும் கீழும் ஆடியது. முதல் வாரம் ஊர் தலைகீழாக நின்றது. ரேஷன் கடையில் பாமாயில் இருக்கா என்று கேட்டால் இருக்கு என்ற பதில் வந்தது. பதில் வந்துவிட்டதால் எடுத்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு காலமாக எங்கே இருந்தது அந்தப் பாமாயில் என்று பெண்கள் வியந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சைக்கிள் திருட்டுக்கு விசாரிக்கப்போய்த் தெருவே குற்றத்தை ஒப்புக்கொள்ள, சப்-இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். டாக்டர், வலிக்குதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அமுக்கிப் பார்த்து முகத்தைக் கவனிக்கப் பழகினார்.

பிறகு, எல்லாவற்றுக்கும் பழகுவது போல ஊர் இதற்கும் பழகியது. ஆமா-இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியை இன்னொருவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஆயிற்று. 'சாப்பிட்டியா' என்பது போய் 'இன்னைக்கு என்ன கொழம்பு' என்பது வந்தது. 'வாறியா' என்பது போய் 'நான் போறேன், உன் பாடு உனக்கு' என்பது வந்தது. மாமியார்கள் மருமகள்களிடம் எதையும் கேட்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்தார்கள், அந்த ஒரு நிமிஷத்தில் பாதிக் கேள்விகள் அவசியமற்றவை என்று தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், இவ்வளவு பதவிசான ஊர் இது ஒன்றுதான் என்றார்கள். எல்லைப் பாலத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் அவர்கள் வாயிலிருந்தும் அந்தச் சொல் போய்விடும் என்பது அவர்களுக்கு ஊர் திரும்பும்போதுதான் தெரியும்.

ஆனால் எல்லோரும் மரியாதைக்காரர்கள் அல்ல. தையல் கடை ரோஸ்லினை நடுத்தெருவில் நிறுத்தி, வேலை வெட்டி இல்லாத ஒருவன், "என்னைக் கட்டிக்கிடுதியா?" என்று கேட்டான். "கட்டிக்கிடுதேன்," என்று அவள் வாய் சொன்னது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பஜாரே திரண்டுவிட்டது. ஜெபக்கனி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் முன்னால் நின்றாள்.

"இவகிட்ட கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிடுதியா?"

"வாங்கிக்கிடுதேன்," என்றான் அவன், தன் வாயைத் தானே நம்ப முடியாமல்.

"இவ இருக்கிற தெருவுக்கு எட்டத்துலயே இருப்பியா?"

"இருப்பேன்."

ரோஸ்லின் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு ஜெபக்கனி முடிவெடுத்தாள்: தன் கடையிலிருந்து ஓடியதைத் தானே கொண்டுவந்து சேர்ப்பது என்று. உப்பு வாரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு உப்பளம் முழுக்கத் தேடினாள். அது அங்கேதான் இருந்தது. பாத்திகளின் வரப்பில் சாம்பல் நிறத்தில், மேல்விளிம்பு வெளுத்து, கீழ்விளிம்பு கறுத்து, வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வலை வீசினார்கள், கூடை கவிழ்த்தார்கள், இரண்டு பக்கமும் வளைத்தார்கள். கை நீண்ட கணமே அது எதிர்ப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உப்பும் சேறுமாகத் திரும்பி வந்தாள்; மறுநாள் விடிந்ததும் மறுபடி போனாள்.

துபாய்க்குப் போன் செய்தாள். இருபது வருஷத்தில் நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொண்டவர்கள்.

"காஜா, உன் கேள்விப் பெட்டியில ஓடுற பட்டன் வெளிய வந்துட்டு," என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஜெபா, அதை ஓடுறதுக்குத்தான் எழுதினேன். எப்படிப் பிடிக்கிறதுன்னு நான் யோசிச்சதே இல்ல. அந்த வயசுல ஓட வைக்கிறதுதான பெரிய விஷயம்."

போனில் அந்த 'இல்ல' சன்னமாகக் கேட்டது. திரும்பச் சொல்லிப் பார்த்தாள், நாக்கில் நிற்கவில்லை.

"கடைசியா நீ என் மெஷின்ல, கட்டிக்கிடுதியான்னு ஒரு கேள்வி போட்டிருந்த," என்றாள்.

"ஆமா. நீ பிளக்கப் பிடுங்கிட்ட."

"நீ அதுலயும் அந்தப் பட்டன ஓட விட்டிருந்த. அதான் பிடுங்குனேன்."

அதை எழுதியபோது அவன் மனதில் அது விளையாட்டு. அவள் 'இல்லை' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தை மறைக்கிற விளையாட்டு. மறுவாரமே விசா வந்தது, போய்விட்டான்.

"இங்க வாறியா?" என்று கேட்டாள் ஜெபக்கனி. கேட்டபின், அவன் பாலத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறான், அவனால் மறுக்க முடியும் என்பது நினைவுக்கு வந்தது.

"வாரேன்," என்றான்.

அவன் வந்து இறங்கியபோது ஊர்ச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீலத்திரை என்ற துறைமுகக் கம்பெனி, ஊர்ப்பொது உப்பளத்தை எடுத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கோட்டாட்சியர் முன்னிலையில் சம்மதமா என்று கேட்கப்படும். இந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முன்பு அவர்கள் அனுப்பிய சர்வேயரிடம் ஹோட்டல்காரர் பேச்சுவாக்கில் "வேலைய விட்டுட்டு இங்கயே இருந்துருதீங்களா?" என்று கேட்டுவைக்க, அவர் இப்போது அங்கே பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே இந்த முறை கம்பெனியின் அதிகாரி ரகோத்தமன் பாலத்துக்கு அந்தப் பக்கமே காரில் இருந்துகொண்டு, மைதானத்தில் கட்டும் பெரிய திரையில் முகமும் ஒலிபெருக்கியில் குரலுமாகக் கலந்துகொள்வதாக ஏற்பாடு. அவரால் மறுக்க முடியும், ஊரால் முடியாது.

உப்பு வாரும் பெண்களில் மூத்தவளான பேச்சித்தாய் ஒரு வழி சொன்னாள். "கலெக்டரம்மா ஊருக்குள்ளதான உக்காரப் போறாவ? எங்களுக்கே எழுதித் தாறீங்களான்னு கேட்டுட்டா முடிஞ்சுது."

ஜெபக்கனி யோசித்தாள். "அப்படி வாங்குனா அவங்களும் நாமளும் ஒண்ணு, பெரியம்மா."

"பின்ன என்னட்டி செய்ய?"

"நான் மைக்கைப் பிடிச்சுக்கிடுதேன். பொழுது சாயுற வரைக்கும் நானே கேள்வி கேக்கேன். நீங்க மனசறிஞ்சு ஆமா சொல்ல முடியிற கேள்வியாப் பாத்துக் கேக்கேன். அவங்க கேள்விக்கு நேரமே கெடைக்கக் கூட..." என்று வந்த வாக்கியம் முறிந்து நின்றது. அவள் அதைச் சுற்றிவளைத்து முடித்தாள். "நேரம் பூரா நமக்கே இருக்கும்."

கூட்டத்தன்று மைதானம் நிரம்பி, ஜனம் உப்பளத்து வரப்பு வரை நின்றது. அதனால் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அந்தப் பக்கம் பார்க்கவும் கட்டியிருந்தார்கள். கோட்டாட்சியர் மாலதி நேர்மையான பெண் என்று பேர் எடுத்தவர். காலையில் ஊருக்குள் வந்ததும் தன் வாயில் ஏதோ குறைவதை உணர்ந்து, முகம் வெளுத்துத்தான் உட்கார்ந்திருந்தார். "முதலில் பொதுமக்கள் பேசலாம். அதன்பின் சம்மதம் கேட்பேன். வருகிற பதிலை எழுதுவேன்," என்றார்.

ஜெபக்கனி மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பாத்தி உங்க ஆத்தா வெட்டுனதா?"

"ஆமா!" என்றது மைதானம்.

"இந்த உப்புலதான் புள்ளைகளப் படிக்க வச்சீங்களா?"

"ஆமா!"

"மழைக்காலத்துல பட்டினி கெடந்து கோடைக்காலத்துக்குக் காத்திருந்தீங்களா? கண்ணு கூசக் கூச அந்த வெள்ளையில நின்னீங்களா? நாளைக்கும் அங்கயே நிக்க ஆசையா? அடுத்த கோடைக்கும் ஆசையா? அதுக்கு அடுத்த கோடைக்கும்?"

ஆமா, ஆமா, ஆமா என்று அலை மாதிரி எழுந்து விழுந்து எழுந்தது. ரகோத்தமன் திரையில் கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபக்கனி கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், பாத்தி பாத்தியாகப் பேர் சொல்லிக் கேட்டாள், இறந்தவர்களின் பேரைச் சொல்லி அவர்கள் இங்கே உழைத்தார்களா என்று கேட்டாள், காஜா பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். உச்சி வெயில் சாய்ந்தது. அவள் தொண்டை கட்டியது. ரோஸ்லின் மைக்கை வாங்கிக் கொஞ்ச நேரம் கேட்டாள், அவள் குரலும் உடைந்தது. மூச்சு வாங்கிய இடைவெளியில் ரகோத்தமனின் குரல் பாய்ந்தது: "மேடம், இவங்க கேள்வி முடிஞ்சாச்சு. சம்மதமான்னு கேட்டு எழுதுங்க."

ஜெபக்கனி மைக்கைப் பறித்தாள். கேட்பதற்கு ஊரில் பேர் மிச்சமில்லை. திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"சார், உங்ககிட்டயும் கேக்கலாமா?"

"தாராளமா," என்று சிரித்தார் அவர்.

"உப்புத் தண்ணியில நின்னு உங்களுக்குக் கால் வெடிச்சிருக்கா?"

"இல்லை."

அந்தச் சொல் ஒலிபெருக்கிகளிலிருந்து கிளம்பி மைதானத்தின்மேல் கடந்து, உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரைக்கும் போயிற்று. ஓடிப்போன நாளிலிருந்து அதை அதன் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஊரில் யாருக்கும் வாய் இருந்ததில்லை. தூரத்து வரப்பில் சாம்பல் நிறமாக ஒன்று எழுந்து நின்றது. முதலில் பார்த்தது பேச்சித்தாய். அவள் ஜெபக்கனியின் சேலையை இழுத்துக் கையைக் காட்டினாள்.

ஜெபக்கனி மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள். "சார், எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. உங்க வீடு இங்க இருக்கா?"

காஜா ஒலிபெருக்கியின் சத்தக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினான்.

"இல்லை."

அது வரப்பிலிருந்து இறங்கியது.

"எங்க தண்ணியக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லை. இதுக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை."

அது ஓட்டமாக வந்தது, ஜனங்களின் கால்களுக்கு நடுவே புகுந்தது. ஒரு பெண் குனியப் போனாள். "எல்லாரும் கையப் பின்னால கட்டுங்க," என்று காஜா தணிந்த குரலில் சொல்ல, அது வாய் வாயாகப் பரவி, மைதானம் முழுதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இங்க உங்க சொந்தக்காரங்க யாராவது உப்பு வாருதாங்களா? இந்த ஊர்ல ஒரு ஆளோட பேராவது தெரியுமா?"

"இல்லை! மேடம், இது முறையே இல்லை! இதுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை, அவசியம் இல்லை!"

தன்னைக் கூப்பிடும் குரலைத் தேடி அது ஒலிபெருக்கிப் பெட்டியின் அடியில் வந்து, களைத்துப்போய் மண்ணில் படுத்துக்கொண்டது. பேச்சித்தாய் கையை முதுகில் கட்டியபடியே இரண்டடி எடுத்துவைத்தாள். வெடித்து வெடித்துக் காய்ந்த தன் வலது குதிகாலை அதன்மேல் வைத்து, பாத்தி மண்ணை மிதிப்பது போல மிதித்தாள்.

பட்டன் அமுங்கி டக் என்றது. அடுத்த கணம் அவள் காலுக்குக் கீழே வெறும் மண்தான் இருந்தது.

யாருக்கும் எதுவும் புரிவதற்குள் கோட்டாட்சியர் எழுந்து நின்றார். "சாயல்பட்டினத்து மக்களே, ஊர்ப்பொது உப்பளத்தைக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். பல நாள் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளுவது போல மெதுவாக, "இல்ல," என்றாள். பிறகு தன் காதையே நம்பாமல், "இல்ல! இல்லவே இல்ல!" என்றாள். ரோஸ்லின் சொன்னாள். ரேஷன் கடைக்காரர் சொன்னார், சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார், பரோட்டா போடும் சர்வேயர் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், சேர்ந்து சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னார்கள்.

"மறுபடி கேளுங்க!" என்றது திரை.

"முடியாது," என்றார் கோட்டாட்சியர், வெல்லக்கட்டியை வாயில் ஒதுக்கியவர் போல. கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் முழுக்க ஊரே மறுத்துக்கொண்டு திரிந்தது. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்று பதில் வந்தபோது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் சண்டை பிடித்தார்கள். ஆனாலும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கும் பழக்கம் மட்டும் பலருக்கு அப்படியே தங்கிவிட்டது.

காஜாவின் விடுப்பு முடிகிற சாயங்காலம், ஜெபக்கனி கடையில் லேமினேஷன் மெஷினைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அவன் வந்து வாசலில் நின்றான். வழக்கம் மறக்காமல் செருப்பைக் கழற்றினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஜெபா, கேக்கட்டுமா?"

"கேளு."

"என்கூட துபாய்க்கு வாறியா?"

"மாட்டேன்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் உறுதியை உள்ளுக்குள் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கடைய விட்டு, இந்த ஊரை விட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

அவன் தலையாட்டினான். போகவில்லை, நின்றுகொண்டிருந்தான்.

ஜெபக்கனி மெஷினை அணைத்தாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவனுக்கு நேராக நின்றாள். "இப்ப நான் கேக்கேன். ரெண்டு பதிலும் அசையாம நிக்குது. எது வேணுமோ அதை எடு. நீ இங்கயே இருக்கியா?"

தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. காஜா மைதீன் இரண்டையும் நிதானமாகப் பார்த்தான்.

"இருக்கேன்," என்றான்.